நமது மூட்டைப்பூச்சிக் குடும்பம்

மருந்துக்காரரின் வேனில் 'குழாய் வேலை' என்று எழுதியிருக்கும். அவருக்கும் குழாய்க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அவர் செய்வது மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்கிற வேலை. ஆனால் அதை எழுதிய வண்டி ஒரு வீட்டு வாசலில் கால்மணி நேரம் நின்றால், அப்புறம் அந்த வீட்டுக்கு வருகிற விருந்தாளி உட்காராமலேயே பேசிவிட்டுப் போவார். அதனால் தொழிலுக்கு வந்த இரண்டாம் மாதமே பெயிண்டரைக் கூப்பிட்டு வேனை மாற்றி எழுதிக்கொண்டார். மருந்து டப்பாவும் நீராவி மெஷினும் ஒரு பழைய சூட்கேசுக்குள் போகும்; பார்ப்பவர் கண்ணுக்காகக் கையில் ஒரு ஸ்பேனர். பக்கத்து வீட்டுக்காரர்கள் சும்மா விடுவார்களா? "எங்க வீட்டுக் குழாயும் ஒழுகுது, ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க" என்பார்கள். மாட்டேன் என்றால் சந்தேகம் வரும். அப்படி இப்படி என்று வாஷர் மாற்றவும் கற்றுக்கொண்டார். நல்ல குழாய்க்காரர் என்று நாலு தெருவில் பெயர்கூட உண்டு.

போனை எடுப்பது அவர் மனைவி. தொழிலில் பாதி அவள் குரல்தான். கூப்பிடுகிறவர்கள் யாரும் தங்கள் வீட்டைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

"அது வந்துங்க... எங்க தூரத்துச் சொந்தம் ஒருத்தங்க வீட்ல கொஞ்சம்..."

"சரிங்கம்மா," என்பாள் அவள், ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிற மாதிரி. "அவங்களுக்கு எத்தனை கட்டில்?"

"மூணு. ஒரு சோபாவும் இருக்கு."

"எப்ப இருந்து கடிக்குதாம்?"

"அவங்களுக்கு ஒரு மாசமா. எனக்கு முதுகு பூரா தடிச்சு..." என்று அந்தப் பக்கம் நின்றுவிடும்.

இவள் சிரிக்க மாட்டாள். "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் குழாய்க்காரர் வருவார்மா" என்பாள். வைத்ததும் அந்த எண்ணைப் போனில் பதிந்துகொள்வாள். எல்லாப் பெயருக்கும் முன்னால் 'மூ' என்று ஓர் எழுத்து. மூ வக்கீல். மூ சிவப்பு சோபா. மூ ரெண்டாவது மாடி கைக்குழந்தை. சொந்தக்காரர்களோடு கலந்துவிடாமல் இருக்க அவளே கண்டுபிடித்த ஏற்பாடு அது. 'மூ' என்று தட்டினால் இருநூற்றுச் சொச்சம் பேரும் ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி வரிசையாக வந்து நிற்பார்கள்.

இரண்டு வருஷமாகப் போன் அடிப்பது குறைந்துவிட்டது. ஊரில் மூட்டைப்பூச்சி குறையவில்லை. புதிதாக ஒரு கம்பெனி வந்திருந்தது. அவர்களிடம் யாரும் பேச வேண்டாம். போனில் ஒரு பட்டனை அழுத்தினால் 'வீட்டு நல வல்லுநர்' என்று சட்டையில் எழுதிக்கொண்டு ஒரு பையன் வந்து நிற்பான். தூரத்துச் சொந்தத்தை நடுவில் இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. இவளுடைய தணிந்த குரலுக்கு இருந்த மதிப்பு அதோடு போயிற்று. மிஞ்சியிருந்த பெரிய வேலை ஒன்றே ஒன்று, விடுதி. இருபத்தாறு அறை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. விடுதி இருக்கிறவரை வீட்டு வாடகையும் வேன் பெட்ரோலும் எப்படியோ ஓடும். அது போனால் என்ன என்பதைப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே பேசியதில்லை.

இந்த நேரத்தில்தான் ஐடியா வந்தான்.

ஐடியா என்பது அவள் தம்பியின் பட்டப்பெயர். வயது முப்பத்தெட்டு. காடை வளர்த்தான், கண்ணாடிக் கதவு ஏஜென்சி எடுத்தான், காரில் வாசனைக்குத் தொங்கவிடுகிற அட்டை விற்றான். எல்லாம் ஆரம்பத்தில் ஆகா ஓகோ என்றுதான் இருக்கும். இப்போது சோஷியல் மீடியாவில் தொழிலை வளர்ப்பது எப்படி என்று மூன்று நாள் பயிற்சிக்குப் போய், சான்றிதழை லேமினேட் செய்து எடுத்துவந்திருந்தான். சமையலறையில், அக்கா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மேஜையில் அதை வைத்தான். அவள் அதை நகர்த்திவிட்டு நறுக்கினாள்.

"மாமா, நீங்க இருக்கீங்களா இல்லியா, அத மொதல்ல சொல்லுங்க."

"இங்கதான உக்காந்திருக்கேன்."

"இந்த இருக்கிறத யாரு கேட்டா? நெட்ல தேடிப் பாத்தேன். நீங்க இல்ல. உங்களமாதிரி ஒரு ஆளே உலகத்துல இல்ல."

"நல்லதாப் போச்சு மாப்ள. அப்படி இருக்கத்தான இருபது வருஷமாப் பாடுபடறேன்."

"அங்கதான் தப்பு. போஸ்ட் போடாதவன் பொணத்துக்குச் சமம்னு எங்க சார் சொல்வாரு."

"உங்க சார் என்ன தொழில் பண்றாரு?"

"இத சொல்லிக் குடுக்கறதுதான் அவர் தொழில்."

"அதுக்கு முன்னாடி?"

"அது எதுக்கு இப்ப?" என்றான் ஐடியா.

அக்கா தலையைத் தூக்காமல், "அவருக்கும் காடைதான் இருந்திருக்கும்" என்றாள். ஆனாலும் அவளே தொடர்ந்தாள். "அவன் சொல்றதயும்தான் கேப்பமே. போன் அடிச்சு நாலு நாளாச்சு."

மருந்துக்காரர் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு மூன்று மாடி ஏறி இறங்கியிருந்தார். முழங்கால் தனியாக ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருந்தது. களைத்துப்போன மனுஷனிடம் சம்மதம் வாங்குவது சுலபம். சும்மா இருந்தாலே போதும், அதுவே சம்மதம்.

"ஒண்ணே ஒண்ணு. யார் வீடும் தெரியக் கூடாது, யார் மூஞ்சியும் தெரியக் கூடாது."

"மாமா, பூச்சி மூஞ்சி மட்டும்தான் தெரியும்."

சொன்னபடியே செய்தான். பூச்சியை ஒரு வெள்ளைத் தட்டில் விட்டு, அது நடப்பதைப் படம் பிடித்து, பின்னால் வீர வசனம் மாதிரி ஒரு மேளத்தைச் சேர்த்தான். அதற்கென்று நெட்டில் அவன் ஆரம்பித்த பக்கத்துக்கு முப்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். அதில் பத்தொன்பது பேர் உறவுக்காரர்கள், மூன்று பேர் ஐடியாவே. பெரிய நாத்தனார் போன் போட்டு, "நம்ம குடும்பப் பேரப் போட்டு இந்தக் கருமத்த எதுக்குக் காட்டறீங்க? பொண்ணுக்குச் சம்பந்தம் பேசிட்டிருக்கோம்" என்று திட்டினாள். எங்கோ ஒரு தேசத்தில் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் அது என்ன இனம் என்று விசாரித்தார். வேலை மட்டும் ஒன்றும் வரவில்லை.

ஆறு வாரம் கழித்து ஐடியா புது ஞானத்தோடு வந்தான். "எத்தன பேர் பாத்தாங்கங்கற ரீச் எல்லாம் பழைய கதைக்கா. இப்ப கம்யூனிட்டி. ஏற்கெனவே நம்மகிட்ட வந்தவங்கள ஒரு குடும்பமா கட்டணும். உன் போனக் குடு."

அவள் கொடுத்தாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இருநூறு பேருக்குத் தனித்தனியாக ஒரு நல்ல வார்த்தை அனுப்பப்போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் 'மூ' என்று தட்டினான். வரிசையாக வந்து நின்றார்கள். எல்லாரையும் தேர்ந்தெடுத்தான், மாமாவையும் சேர்த்துக்கொண்டான். ஒரு குரூப் ஆரம்பித்தான். அதற்குப் பெயர் வைத்தான்: நமது மூட்டைப்பூச்சிக் குடும்பம்.

அப்போது மருந்துக்காரர் ஒரு வக்கீல் வீட்டுப் படுக்கையறையில், முகமூடி போட்டுக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தார். சட்டைப்பையில் போன் துடித்தது. துடித்து நின்று மறுபடி துடித்தது. பக்கத்து அறையில் வக்கீலின் போனும் துடித்தது. கொஞ்ச நேரத்தில் அவர் கதவைத் திறந்து உள்ளே வந்தார். கட்டிலுக்கு வெளியே தெரிந்த இரண்டு கால்களைப் பார்த்து, கோர்ட்டில் கூடப் பேசியிராத குரலில் கேட்டார்:

"குழாய்க்காரரே, எங்க சம்பந்தி வீட்டுக்கும் நீங்க போறீங்களா?"

மருந்துக்காரர் வெளியே வரவில்லை. படுத்த வாக்கிலேயே போனை எடுத்துப் பார்த்தார். முதலில் மச்சினனின் வரவேற்புரை இருந்தது. 'மூட்டைப்பூச்சியால் இணைந்த அன்பு உள்ளங்களே! இனி நாம் தனித்தனி அல்ல, ஒரே குடும்பம். உங்கள் அனுபவங்களைத் தயங்காமல் பகிருங்கள்!' கீழே, யாரும் எதையும் பகிரவில்லை. விலகினார். விலகினார். விலகினார். மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் இந்தக் குரூப் விவகாரத்தில் ஒரு சங்கடம், ஓடுகிறவன் பெயரும் அவன் ஓடியதும் எல்லாருக்கும் தெரியும். நடுவில் ஒருவர், 'நான் தவறுதலாகச் சேர்க்கப்பட்டுள்ளேன். எங்கள் வீட்டில் குழாய் மட்டுமே ரிப்பேர்' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர், 'எங்களுக்கும் குழாய்தான்.' அப்புறம் பன்னிரண்டு பேர், 'குழாய்தான்.' கடைசியாக ஒரே ஒரு ஆள் மட்டும் உண்மையாக, 'நீங்களுமா டாக்டர்?' என்று கேட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது ஐடியா மூலையில் உட்கார்ந்திருந்தான். அக்கா அவனோடு பேசி முடித்திருந்தாள் என்பது அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"குரூப்ப கலைச்சுட்டேன் மாமா."

"எப்ப?"

"நூத்தி நாப்பது பேர் போனதுக்கு அப்புறம். அதுவரைக்கும் அவங்களே கலைஞ்சுடுவாங்கன்னு பாத்தேன்." அப்புறம், "ஒண்ணு மட்டும் சொல்லணும். சேத்தவங்கள்ல எல்லாருமே மெசேஜ படிச்சிருக்காங்க. எங்க சாருக்கே இந்த மாதிரி..."

"நீ எந்திரிச்சுப் போயிடு," என்றாள் அக்கா.

அவன் போனதும் அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "விடுதிக்காரம்மா கூப்ட்டாங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு உங்கள வரச் சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"வரச் சொன்னாங்க. அவ்ளோதான்."

"திட்டினாங்களா?"

"திட்டியிருந்தாத் தேவலயே."

விடுதி விஷயத்தில் மருந்துக்காரருக்குப் பயப்படக் காரணம் இருந்தது. குரூப்பில் விடுதிக்காரம்மா இருந்தாள். அவள் விடுதியில் குடியிருக்கிறவர்களில் பதினொரு பேரும் இருந்தார்கள். நடந்தது இதுதான். மூன்று மாதத்துக்கு ஒருதரம், குடியிருப்பவர்கள் வேலைக்குப் போன பிறகு, அவர்களுக்குத் தெரியாமல் அந்தம்மா இவரைக் கூப்பிட்டு வாடகை அறை எல்லாவற்றிலும் மேலோட்டமாக அடிக்கச் சொல்வாள். கட்டிலை வெளியே எடுத்தால் விஷயம் தெரிந்துவிடும், ஆட்கள் காலி செய்துவிடுவார்கள். குடியிருப்பவர்களோ, பூச்சி என்று சொன்னால் நீதான் கொண்டுவந்தாய் என்று தங்களைக் காலி செய்யச் சொல்லிவிடுவாள் என்று பயந்து, அவள் மார்க்கெட்டுக்குப் போகிற வியாழக்கிழமையில் இவரைத் தனியாகக் கூப்பிடுவார்கள். பதினாலாம் ரூம் கணக்கு வாத்தியார் அறையில் செவ்வாய்க்கிழமை அம்மாவுக்காக அடித்து, வியாழக்கிழமை வாத்தியாருக்காக அடித்தது உண்டு. இரண்டாம் தடவை மருந்து கொஞ்சம் நீர்க்கத்தான் இருக்கும். பூச்சி இதையெல்லாம் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும். அடிக்கிற அறையிலிருந்து சுவர் வழியாக அடிக்காத அறைக்குப் போய்விட்டு, வாசனை அடங்கினதும் திரும்பி வந்துவிடும். இது தெரிந்த ஒரே மனுஷன் மருந்துக்காரர். யார் ரகசியத்தையும் யாரிடமும் சொல்வதில்லை என்பது அவருடைய தொழில் தர்மம். சொன்னால் வேலை போய்விடும் என்பதும் அதே தர்மத்துக்குள்தான் இருந்தது.

மறுநாள் காலை விடுதியின் கூடத்தில் அந்தம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கனத்த உடம்பு, மூச்சிரைப்பு, மடியில் சாவிக்கொத்து. பதினொரு பேரும் லீவு போட்டுவிட்டுச் சுவரோரமாக நின்றார்கள். நடுக்கூடத்தில் இவருக்கென்று ஒரு ஸ்டூல்.

"உக்காருங்க குழாய்க்காரரே."

உட்கார்ந்தார்.

"இவங்கள்ல எத்தன பேர் உங்களத் தனியாக் கூப்ட்டாங்க?"

அவர் வாயைத் திறக்கவில்லை. பழக்க தோஷம்.

"சொல்ல மாட்டார்மா," என்றார் கணக்கு வாத்தியார். "நாங்களே சொல்லிட்டமே. பதினொண்ணு."

"ஏன்யா, எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் என்ன உங்களக் கடிச்சா வெச்சேன்?"

"நீங்க கடிக்கல. அதான் மத்தது கடிச்சுதே," என்றாள் மாடியில் இருக்கிற நர்ஸ்.

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் அந்தம்மாவே சிரித்தாள், இருமல் வருகிற அளவுக்கு. இருமி முடித்து, "எனக்கும்தான் கடிக்குது. ஏழு வருஷமா என் ரூமுக்கு நான் அடிக்கவே சொல்லல, தெரியுமா? எங்கிட்டயே இருக்குன்னு இவருக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னு" என்றாள்.

மருந்துக்காரருக்கு அது தெரியும். அந்த அறைதான் ஊற்று.

"இப்ப கேக்கறதுக்கு நேரா பதில் சொல்லுங்க," என்றாள். "இது போகுமா போகாதா?"

"போகும்மா."

"அப்ப ஏன் ஏழு வருஷமாப் போகல?"

அவர் தரையைப் பார்த்தார். "எல்லா ரூமும் ஒரே நாள்ல பண்ணணும். உங்க ரூமும் சேத்து. மெத்தை, கட்டில் எல்லாம் வெளிய தெருவுல போடணும். பதினாலு நாள் கழிச்சு இன்னொரு தடவ. முட்டை தப்பிச்சிருந்தா அப்ப பிடிச்சிடலாம். முடிஞ்சுது."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"மொத வருஷம் சொன்னேன். தெருவுல போட்டா மானம் போயிடும்னீங்க. அப்புறம் நான் சொல்லல." இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஏனோ நிறுத்தவில்லை. "சொல்லாம இருந்தது எனக்கும் சௌகரியமா இருந்துச்சு."

அந்தம்மா மடியிலிருந்த சாவிக்கொத்தைக் கையில் எடுத்தாள்.

"மானம்தான் நேத்தே போயிடுச்சே," என்றாள் அந்தம்மா. "மெத்தையத் தெருவுல போடுவோம். இதுதான் உங்களுக்குக் கடைசி. இதுக்கப்புறம் ஒரு பூச்சி கண்ணுல பட்டாலும் அந்தக் கம்பெனிக்காரனக் கூப்ட்டுருவேன்."

சனிக்கிழமை வேலை நடந்தது. காலை எட்டு மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. இருபத்தாறு கட்டிலையும் திருகு திருகாகக் கழற்றினார்கள். மெத்தைகளை ஒவ்வொன்றாக இறக்கித் தெரு ஓரமாகச் சாத்தினார்கள். ஐடியாவும் வந்திருந்தான், அக்கா அனுப்பியிருந்தாள். மெத்தையைத் தலையில் தூக்கியபடி ஒரு கையால் போனை எடுத்தான். "போன எடுத்தீன்னா மெத்தையோட உன்னையும் சேத்துக் காயப் போட்டுருவேன்" என்றாள் விடுதிக்காரம்மா. உள்ளே வைத்துவிட்டான். அதன் பிறகு, உள்ளதைச் சொல்ல வேண்டும், ஒழுங்காகத்தான் சுமந்தான்.

மருந்துக்காரர் கட்டில்களின் ஒவ்வொரு மூட்டிலும் நீராவி விட்டார். சுவர் வெடிப்பில் பொடி போட்டார். ஸ்விட்ச் போர்டுகளைக் கழற்றி உள்ளே பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கட்டடத்தை முழுசாகச் செய்ய அவருக்கு ஒரு தடவைகூட வாய்த்ததில்லை. எப்போதும் ஒரு அறை, ஒரு கட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, சீக்கிரம் சீக்கிரம் என்று. இன்றைக்குக் கதவெல்லாம் திறந்திருந்தது. முழங்கால் வலித்தது, கண் எரிந்தது, ஆனாலும் கை தானாக நிதானப்பட்டிருந்தது.

எதிர்க் கட்டடத்து அம்மாள் ஒருத்தி ஜன்னலிலிருந்து, "என்ன, வெள்ளையடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

விடுதிக்காரம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி, "மூட்டைப்பூச்சி!" என்றாள்.

மருந்துக்காரர் சட்டென்று பின்னால் திரும்பி யார் கேட்டார்கள் என்று பார்த்தார். எல்லாருமே கேட்டிருந்தார்கள். எதிர் ஜன்னல் சாத்திக்கொண்டது. மற்றபடி ஒன்றும் ஆகவில்லை.

பதினாலு நாளில் வீட்டுப் போன் மூன்று தடவை அடித்தது. இரண்டு பேர் திட்டுவதற்கு. மூன்றாவது வக்கீல். இனிமேல் தன் எண்ணை எங்கேயும் எழுதிவைக்கக் கூடாது என்று சட்டப்படி எச்சரித்தார். மனைவி ராப்பொழுதில் வழக்கமாகச் சொல்கிற வீட்டுக் கவலை எதையும் சொல்லவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது தடவைக்கு அவர் தனியாகப் போனார். எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். விடுதிக்காரம்மா தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டப்பகலில் குறட்டை விட்டு, ஏழு வருஷத்துத் தூக்கத்தை. அறை அறையாக டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றும் இல்லை. முதல் மாடி, ஒன்றும் இல்லை. பதினாலாம் அறையில் ஸ்விட்ச் போர்டைக் கழற்றினார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

ஓரத்தில், வயர் வளைகிற இடத்தில், வெள்ளையாக ஏழெட்டு முட்டை. பக்கத்தில் ஒரு தாய்ப்பூச்சி. எப்படியோ தப்பித்துப் பிழைத்து, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மருந்துக்காரர் டார்ச்சை அணைக்கவில்லை. பத்து நாளில் குஞ்சு. இரண்டு மாதத்தில் இந்த அறை. நாலு மாதத்தில் மாடி. அந்தம்மா சத்தியமா கம்பெனிக்காரனைக் கூப்பிட மாட்டாள், திட்டிவிட்டு இவரைத்தான் கூப்பிடுவாள்; அவளுக்கு இப்போது இவர் மேல்தான் நம்பிக்கை. மறுபடி மூன்று மாதத்துக்கு ஒருதரம். போர்டைத் திருப்பி மாட்ட இரண்டு திருகுதான் வேண்டும். அது இரண்டும் உள்ளங்கையில் இருந்தது, வேர்வையில் நனைந்து. யாரும் பார்க்கவில்லை. மேல் ஷெல்ஃபில் கணக்கு வாத்தியார் மடித்துவைத்திருந்த பிள்ளைகளின் பரீட்சைத் தாள்கள் விசிறிக் காற்றில் படபடத்தன.

எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியாது. முழங்கால்தான் முதலில் முடிவுக்கு வந்தது; இனி நிற்காது என்றது. போர்டின் கரண்ட்டை அணைத்துவிட்டு ஊசி எடுத்தார். தாயைக் குத்தினார். முட்டைகளைச் சுரண்டி ஒரு துணியில் வழித்தார். பொடி போட்டார். திருகினார்.

கீழே வந்தபோது விடுதிக்காரம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். தூக்கக் கலக்கத்தில், பழக்கத்தில், "அடுத்து எப்ப வரணும்?" என்று கேட்டாள்.

"வர வேண்டியதில்லம்மா."

"அப்படியா," என்றாள். கொஞ்சம் ஏமாற்றம்போலக்கூட இருந்தது. "அப்ப சரி. பாத்துப் போங்க."

வீட்டில் மனைவி கதவுப் பக்கம் நின்றிருந்தாள். அவர் சூட்கேசைக் கீழே வைப்பதற்குள் கேட்டாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"சுத்தமாவா?"

"சுத்தமா. ஒரே ஒரு எடத்துல இருந்துச்சு. தாயும் முட்டையும். எடுத்துட்டேன்."

அவர் சட்டையைக் கழற்றினார். மருந்து வாடை அறையெல்லாம் பரவியது. அவள் அந்தச் சட்டையை வாங்கித் தண்ணீர் வாளியில் அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே, தாழ்ந்த குரலில், யார் வீட்டு விஷயத்தையோ விசாரிக்கிற மாதிரி கேட்டாள்:

"போறப்ப கண்ணாடிய வீட்லயே மறந்துட்டுப் போயிருக்கக் கூடாதா?"

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வாளியில் தண்ணீர் கலங்கிக்கொண்டிருந்தது. அவள் அந்தச் சட்டையை எப்போதும்போல மூன்று தடவை அலசினாள்.